செப்பும் சொல்லிலே செப்பிடு வித்தை!

“நகராதே! நின்ற இடத்திலேயே நில்! கையைக் கட்டாதே, கட்டினால் வித்தை கட்டிப்போகும்! பாதியிலே நடையைக் கட்டினவன் வீட்டு வாசற்படியை மிதிக்குமுன் வாயிலே இரத்தம் வரும்! இதோ, கூடைக்குள்ளே பாம்பு! அதோ, முளையிலே கீரி! இரண்டும் மோதப்போகிற மோதலைக் காணாதவன் கண் படைத்தும் குருடன்!”

சந்தைத் திடலிலே துணி விரித்துவிட்டு மோடி வித்தைக்காரன் இப்படித்தான் தொடங்குவான். கூட்டம் கூடும், கூடிய கூட்டம் உறைந்து நிற்கும். பேச்சு வளரும்; பொழுது சாயும்; பாம்பு கூடைக்குள் உறங்கும்; கீரி முளையைச் சுற்றிச் சுற்றி வரும். சண்டை மட்டும் நடக்காது! பாம்பும் கீரியும் மோதியதைக் கண்டவர் யாரேனும் உண்டா என்று ஊரெல்லாம் கேட்டுப் பாருங்கள், ஒருவர் கிடைக்கமாட்டார். ஆனால் தாயத்து வாங்கியவர் தெருவுக்குப் பத்துப் பேர் கிடைப்பர்.

தோழர்களே, அந்தப் பேச்சைச் சற்றே கூறுபோட்டுப் பாருங்கள். வித்தை எங்கே இருக்கிறது? கூடையிலா? கீரியிலா? அவன் கை விரலிலா? முதற் பத்துச் சொற்களிலே இருக்கிறது! ‘நகராதே’ என்றான், கால் கட்டுண்டது. ‘கையைக் கட்டாதே’ என்றான். கை கட்டினால் வித்தைக்கு என்ன கேடு? ஒன்றுமில்லை. ஆயினும் நூறு பேர், படித்தவர் பாமரர் எல்லோருந்தான், கட்டிய கையைச் சட்டென்று அவிழ்த்தனர். பொருளற்ற கட்டளை ஒன்றுக்குப் பணிந்தவன், அடுத்த கட்டளைக்கும் பணிவான் என்பது அவனுக்குத் தெரியும். முதற் கட்டளை கையை அவிழ் என்பது. கடைசிக் கட்டளை மடியை அவிழ் என்பது! இடையிலே நடப்பதெல்லாம் வெறும் தோரணம்.

இன்று அந்தத் துணி விரிப்போர் அருகிவிட்டனர். 1954-ஆம் ஆண்டிலேயே மருந்துகள், மாய நிவாரணிகள் பற்றிய விளம்பரத் தடைச் சட்டம் வந்தது. தாயத்தும் மந்திரமும் கவசமும் நோய் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதைக் குற்றமாக்கியது. அதனால்தான் அவர்கள் அருகினார்கள் என்று நான் நம்பவில்லை. திடல்கள் கடைத்தெருவாயின, பேருந்து நிலையமாயின, துணி விரிக்க இடமில்லாமற் போயிற்று, அவ்வளவே. ஆனால் அந்தப் பேச்சு அருகவில்லை! அது திடலை விட்டு எழுந்து, குளித்து, பட்டு உடுத்தி, ஒலிபெருக்கி வாங்கி, தொலைக்காட்சியிலே ஏறி அமர்ந்துகொண்டது. “ஐயம் கொள்ளாதே, அருள் தடைப்படும்” என்கிறது. “நம்பினவனுக்கே பலன்” என்கிறது. ‘கையைக் கட்டாதே’ என்ற அதே கட்டளைதான்; கட்டக்கூடாதது இப்போது கையல்ல, மூளையைப் பயன்படுத்தும் பழக்கம்! தெருவிலே துணி விரித்தால் அது மோடி வித்தை. மடத்திலே பட்டு விரித்தால் அது மகிமை!

மடத்தை வசைபாடவென்று நான் எழுதுகோலை எடுக்கவில்லை. வசை நம்மிடம் வேண்டிய மட்டும் இருப்பில் உள்ளது. இது நம் வீட்டுக் கணக்கு. ‘மந்திரமா? தந்திரமா?’ என்ற கேள்வியோடு ஊர் ஊராகச் சென்று, திருநீறு வரவழைத்தும், கற்பூரத்தை நாவில் ஏற்றியும், எலுமிச்சையில் ‘இரத்தம்’ பிழிந்தும் காட்டுகின்ற நம் இளைஞர்களைப் பற்றிய கணக்கு. அவர்கள் கை வித்தையை மாதக்கணக்கிலே பழகுகின்றனர். வாய் வித்தையை ஒரு நாளும் பழகுவதில்லை. பழகாததால், மேடையேறியதும் எதிரியின் வாயையே இரவல் வாங்கிப் பேசுகின்றனர்!

‘செப்பிடு வித்தை’ என்று நம் மொழியிலே ஒரு சொல் உண்டு. பேச்சு வழக்கில் செப்படி வித்தை. செப்பு என்பது சிறு கிண்ணம், சிமிழ். சிமிழைக் கவிழ்த்துப் பந்தை மறைத்துக் காட்டும் எளிய விளையாட்டுக்கு வந்த பெயர், பிற்காலத்திலே எல்லாப் புரட்டுக்கும் பொதுப் பெயராயிற்று. கணக்கிலே புரட்டினால் செப்படி வித்தை; வாக்குறுதியிலே புரட்டினால் செப்படி வித்தை! பாவம், சிமிழ்க்காரன் செய்த குற்றம் என்ன? கி.பி. முதல் நூற்றாண்டிலே உரோமாபுரியின் அறிஞர் செனெக்கா, தம் நண்பர் லூசிலியசுக்கு வரைந்த மடல்களுள் ஒன்றிலே, வெற்றுத் தருக்கம் பேசிக் காலங்கழிப்போரைச் சிமிழும் கூழாங்கல்லும் வைத்து வித்தை காட்டுவோனுக்கு ஒப்பிட்டார். அவ்வித்தையால் யாருக்கும் தீங்கில்லை, ஏமாறுவதிலேதான் அதன் இன்பமே இருக்கிறது என்றும் கூறினார். ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே, சிமிழ்க்காரன் குற்றமற்றவன் என்று தீர்ப்பு எழுதியாயிற்று! செப்புதல் என்றால் சொல்லுதல் என்றும் பொருளாயிற்றே. இந்தச் செப்பும் அந்தச் செப்பும் வேறு வேறு என்று புலவர்கள் என்மீது பாய வேண்டாம், அறிவேன். ஆயினும் சிமிழை விடச் சொல்லே இவ்வித்தைக்குக் கருவி என்பதை, நம் மொழி தற்செயலாகவேனும் ஒரே ஒலியிலே முடிந்து வைத்திருக்கிறது.

வித்தைக்காரனும் புரோகிதனும் ஒரே சொற்கிடங்கிலே கொள்முதல் செய்யும் வழக்கம் மேலை நாட்டிலும் உண்டு. ‘ஹோகஸ் போகஸ்’ என்பது அங்கே வித்தைக்காரன் உச்சரிக்கும் ‘மந்திரம்’. 1634-இல் இலண்டனிலே அச்சான வித்தை நூல் ஒன்றுக்கு அதுவே பெயர். திருப்பலியிலே பாதிரியார் அப்பத்தை ஏந்தி இலத்தீனில் ஓதும் ‘இது என் உடல்’ எனும் தொடரின் சிதைவுதான் அது என்று கருதியவர் யார் தெரியுமா? நாத்திகர் அல்லர்! காண்டர்பரிப் பேராயராகவே இருந்து 1694-இல் மறைந்த ஜான் டில்லாட்சன்! அவர் ஊகம் சரியோ பிழையோ, அதை மொழி நூலார் ஆயட்டும். புரியாத மொழியில் ஓதுவது எங்கே நடந்தாலும் கேட்பவனுக்கு ஒரே மயக்கந்தான் என்பதைப் பேராயர் ஒருவரே உணர்ந்திருந்தார் என்பது நமக்குப் போதும்.

அதற்கும் முன்னே, 1584-இல், ரெஜினால்ட் ஸ்காட் என்ற ஆங்கிலேயர் சூனியம் பற்றி ஒரு நூல் எழுதினார். சூனியக்காரிகள் என்று பழி சுமத்தப்பட்ட ஏழைக் கிழவியர் தூக்கு மேடைக்கு இழுக்கப்பட்ட காலம் அது. அந்நூலிலே ஸ்காட், காசை மறைப்பது எப்படி, பந்தை மாற்றுவது எப்படி என்று பக்கம் பக்கமாக விளக்கினார். சூனியத்துக்கும் காசு மறைப்பதற்கும் என்ன உறவு? விந்தை கண்ட மாத்திரத்திலே பேயின் வேலை என்று கூவாதே, இப்படியும் நடக்கும், பார் என்று காட்டினார். வித்தையின் நுட்பத்தை ஆங்கிலத்திலே விரித்துரைத்த முன்னோடி நூல், உயிர்களைக் காக்க எழுந்த பகுத்தறிவு நூல்! நம் இளைஞர்கள் கையிலே இருக்கும் கலைக்கு இப்படியொரு பிறப்புப் பெருமை இருக்கிறது.

ஆனால், அதே கலை எதிர்ப்புறமும் திரும்பும். 1856-இல் நடந்தது இது. அல்ஜீரியாவைப் பிடித்து ஆண்டுகொண்டிருந்த பிரெஞ்சு அரசு, ராபர்ட்-ஊதேன் எனும் பெரும் வித்தைக்காரரை அங்கே அனுப்பியது. அம்மக்களிடையே செல்வாக்குப் பெற்றிருந்த மரபூத்துகள் எனும் சமயத் தலைவர்களின் ‘அற்புதங்களை’ விஞ்சிக் காட்ட வேண்டும் என்பது திட்டம். அவரிடம் ஒரு பெட்டி இருந்தது, அடியிலே மின்காந்தம். மின்னோட்டம் பாய்ந்தால் எந்தப் பயில்வானாலும் பெட்டியைத் தூக்க முடியாது. நிறுத்தினால் குழந்தையும் தூக்கும். பாரிசிலே அவர் அதைக் காட்டியபோது அது ஒரு வேடிக்கைப் பெட்டி. அல்ஜியர்சிலே? பலசாலி ஒருவனை மேடைக்கு அழைத்து, “உன் வலிமையை நான் பறித்துவிட்டேன், இனி நீ பெண்ணினும் மெலிந்தவன்” என்ற பொருள்படப் பேசினார். பெட்டி அசையவில்லை. அவன் நடுங்கினான்; அரங்கம் நடுங்கியது. பெட்டி அதே பெட்டி! காந்தம் அதே காந்தம்! மாறியது தொடக்கப் பேச்சு ஒன்றே! பாரிசுக்காரனுக்குப் பொழுதுபோக்காக இருந்த பெட்டி, ஆளப்பட்டவனுக்கு அடிமைச் சாசனமாயிற்று. பின்னர் மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு, தாம் காட்டியவை வெறுந் தந்திரங்களே என்று விளக்கியதாக அவரே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அச்சம் முதலிலே விதைக்கப்பட்டது. விளக்கம் பின்னாலே நடந்து வந்தது. எது முதலில் செவியில் விழுந்ததோ அதுவே ஊர் முழுதும் போயிருக்கும்!

முதற் சொல்லுக்கு அத்துணை வலிமையா என்று ஐயுறுவோர்க்கு அண்மைக் காலச் சான்று ஒன்று. இங்கிலாந்திலே ரிச்சர்ட் வைஸ்மன், எம்மா கிரீனிங் எனும் இரு உளவியலார் 2005-இல் வெளியிட்ட ஆய்வு. ‘மன ஆற்றல்’ உடையவனாக நடித்த ஒருவன் கைத்திறனால் ஒரு சாவியை வளைத்து மேசை மேல் வைக்கும் படக்காட்சி, இரு குழுவினருக்குக் காட்டப்பட்டது. ஒரு குழு பார்த்த காட்சியிலே, “இன்னும் வளைந்துகொண்டே இருக்கிறது” என்று அவன் கூறும் சொல் ஒலித்தது. மற்றொரு குழுவின் காட்சியிலே அச்சொல் இல்லை. மேசை மேலிருந்த சாவி ஓர் இம்மியும் அசையவில்லை. ஆயினும், சாவி தொடர்ந்து வளைந்ததைத் தம் கண்ணாலே கண்டதாகச் சொன்னவர்கள், அந்தச் சொல்லைக் கேட்ட குழுவிலேதான் மிகுதி! ‘என் கண்ணாலே பார்த்தேன்’ என்று நம்மிடம் வாதாடும் பக்தர் பொய்யர் அல்லர், தோழர்களே. அவர் காதாலே பார்த்தவர்!

இனி நம் மேடைக்கு வருவோம்.

காவி உடை, ஒட்டுத் தாடி, கழுத்திலே கொட்டை, கையிலே கமண்டலம். ‘ஓம் ரீம் கிரீம்’ என்று ஒரு கூச்சல். “பக்த கோடிகளே!” என்று ஒரு விளி. கூட்டத்தின் ஒரு பக்கம் குபீரென்று சிரிக்கிறது. யார் சிரித்தது? கறுப்புச் சட்டைக்காரர், கல்லூரி மாணவர், சங்கத்துத் தோழர், ஏற்கெனவே நம்மவர்கள். முன் வரிசையிலே தரையில் அமர்ந்திருக்கிறாளே ஒரு தாய், மடியிலே காய்ச்சல் கண்ட பிள்ளை, பிள்ளையின் கையிலே தாயத்து, அவள் சிரித்தாளா? அவள் சேலைத் தலைப்பை இழுத்து அந்தத் தாயத்தை மறைத்தாள்! நம் முதற் சொல் அவளுக்குக் கூறிய செய்தி, ‘நீ முட்டாள்’ என்பது. அதன் பின்னர் நாம் காற்றிலிருந்து திருநீற்றைக் கொட்டினால் என்ன, அதைக் கஞ்சியிலே பிசைந்து உருண்டையாக்கி விரலிடுக்கிலே ஒளித்தோம் என்று பிட்டுப் பிட்டு வைத்தால் என்ன? அவள் காது மூடிக்கொண்டுவிட்டது. மறுநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் போகும் இடம் மருத்துவமனையா, மந்திரவாதி வீடா என்பதை, நம் தோழர் ஒட்டுத் தாடியைத் தடவிக்கொண்டு பேசிய முதல் வாக்கியம் முடிவு செய்துவிட்டது. வித்தை பழுதாகவில்லை. பிள்ளையைத்தான் இழந்தோம்!

மற்றொரு வகையினர் உளர். அவர்கள் வேடம் போடமாட்டார்கள், விரிவுரை ஆற்றுவார்கள். கையிலே நாணயத்தை ஏந்திக்கொண்டு, சிந்துவெளியிலே தொடங்கி, வேதகாலம் வழியாக நடந்து, அரசியல் சட்டத்திலே 1976-இல் சேர்க்கப்பட்ட அறிவியல் மனப்பான்மைக் கடமை வரை வந்து நிற்பதற்குள், பிள்ளைகள் உறங்கிவிடும். நாணயம் வியர்வையிலே வழுக்கும். இவர்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முன்னுரை முக்கால் மணி, வித்தை முக்கால் நிமிடம் என்றால், அது கூட்டமே தவிர வித்தையன்று.

மூன்றாவதாக ஒரு பேச்சு. “இது சாதாரண நாணயம்; என் கையிலே எதுவும் இல்லை; நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்!” ஐயா, நாணயம் சாதாரணமானது என்று உங்களை யார் கேட்டார்? கடைக்காரர் சில்லறை தருகையில் ‘இது சாதாரண நாணயம்’ என்று சொல்லியா தருகிறார்? யாரும் துரத்தாதபோது ஓடுகிறவனைத்தான் ஊர் சந்தேகிக்கும்!

அப்படியானால் எப்படித் தொடங்குவது? மேடை வித்தையை விடுங்கள். மேடையும் விளக்கும் மைக்கும் இருந்தால் எதிரே இருப்பவன் பார்வையாளன் ஆகிவிடுகிறான். நமக்கு வேண்டியவன் பங்காளி. தேநீர்க் கடை விசுப்பலகையிலும், நூற்பாலை வாயிலிலும், திண்ணையிலும், கைக்கெட்டும் தூரத்திலே காட்டுகிற வித்தைதான் நம் வேலைக்கு ஏற்றது. அதிலே மிக எளியது ஒன்றை எடுத்துக்கொள்வோம்: சாம்பல் வித்தை.

தொடக்க நூல்களிலெல்லாம் இருக்கின்ற பழைய வித்தை, மறைக்க ஒன்றுமில்லை. உங்கள் நடுவிரல் நுனியிலே சிறிது சாம்பலை முன்னதாகவே ஒற்றிக்கொள்கிறீர்கள். எதிரே இருப்பவரைக் கை நீட்டச் சொல்கிறீர்கள், உள்ளங்கை கீழ்நோக்கி. அவர் நீட்டியதும், ‘இன்னும் கொஞ்சம் முன்னாலே’ என்று விரல்களைப் பற்றி மெல்ல இழுக்கிறீர்கள். அந்தக் கணத்திலே, கீழே போன உங்கள் நடுவிரல் அவர் உள்ளங்கையைத் தொட்டுவிடுகிறது. கையை இறுக மூடச் சொல்கிறீர்கள். வித்தை முடிந்துவிட்டது! ஆனால் அவரைப் பொறுத்தவரை இன்னும் தொடங்கவே இல்லை. பிறகுதான் நீங்கள் சாம்பலை எடுத்து, எல்லோரும் பார்க்க, மூடிய கையின் புறத்திலே தடவுகிறீர்கள், தேய்க்கிறீர்கள், அது மறைகிறது. கையைத் திறந்தால் உள்ளங்கையிலே சாம்பல்! புறங்கையிலே தேய்த்த சாம்பல் எலும்பையும் தசையையும் ஊடுருவி உள்ளே போயிற்று! இதே சாம்பலுக்குத் திருநீறு என்று பெயரிட்டு, இதே தொடுகைக்கு அருள் என்று பெயரிட்டால், உண்டியல் ஒன்று வைத்துவிடலாம்.

கவனியுங்கள்: களவு முழுவதும் தொடக்கப் பேச்சுக்குள்ளேயே நடந்து முடிகிறது. ஆகவே அப்பேச்சை எழுத வேண்டும். ஆம், எழுதத்தான் வேண்டும்! நேரத்துக்கு வாயில் வந்ததைப் பேசுவேன் என்பவன், கை நடுங்குகிற இடத்திலே ‘இப்போ பாருங்க’ என்று உளறி, பார்க்கக் கூடாத இடத்தையே காட்டிக் கொடுப்பான். தாளிலே எழுதி, உரக்கப் படித்து, பாதியை அடித்துவிட்டு, மிஞ்சியதைப் பழக வேண்டும். ஊர்ப் பேச்சிலே எழுதுங்கள், செந்தமிழ் வேண்டாம். நம் ஏடுகளிலே நாம் எழுதுகிற நடையைத் திண்ணையிலே பேசினால் பக்கத்து வீட்டு நாயும் குரைக்கும்!

இன்னொன்று. இந்த வித்தையிலே கையைத் தொட வேண்டும். பெண்கள் கூடிய இடத்திலே இளைஞன் ஒருவன் போய்ப் பெண்ணின் கையைப் பற்றினால் வித்தை வேறு திசையிலே முடியும். பெண் தோழர்களே செய்யட்டும். நம் வித்தைக் குழுக்களிலே பெண்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தால் நாம் தலைகுனிய நேரும். மூடநம்பிக்கையால் மிகுதியும் சுரண்டப்படுவோர் பெண்கள் என்று மேடைதோறும் முழங்குகிறோம், அவர்களிடம் பேச ஆண்களையே அனுப்புகிறோம்!

ஒரு மாதிரி தருகிறேன். தோழி ஒருத்தி, வயதிலே மூத்த பெண் ஒருவரிடம்:

“அக்கா, காலையிலேருந்து இந்தக் கையாலே எத்தனை வேலை பாத்திருப்பீங்க? சோறு, பாத்திரம், பிள்ளை, தண்ணி… அந்தக் கை கிட்ட எனக்கும் ஒரு வேலை இருக்கு. நான் உங்களை ஏமாத்தப் போறேன். சொல்லிட்டுத்தான் ஏமாத்துறேன். கண்டுபிடிச்சிட்டீங்கன்னா தோத்தது நான். கையை நீட்டுங்க… இன்னும் கொஞ்சம் முன்னாலே… ஆங், மூடிக்கோங்க, இறுக்கமா.”

முதற் சொல் அவருடைய கையைப் பற்றியது. வித்தைக்காரியின் பெருமையைப் பற்றியதன்று. கேள்வி எளியது, அவரால் விடை சொல்ல முடியும், விடை சொல்லச் சொல்ல அவர் மனம் அடுப்படிக்கும் குழாயடிக்கும் போய்வருகிறது. அடுத்து, ‘ஏமாத்தப் போறேன்’. இதுதான் உயிர்நாடி! மடத்திலிருப்பவன் இந்த ஒரு சொல்லை மட்டும் எந்நாளும் சொல்லமாட்டான். சொன்ன அன்றே அவன் கடை மூடிவிடும். பிறகு, ‘கண்டுபிடிச்சிட்டீங்கன்னா தோத்தது நான்’. அவன் ‘ஐயம் கொள்ளாதே’ என்றான். நாம் ஐயத்துக்குப் பரிசு வைக்கிறோம். இத்தனையும் முடிந்து, ‘இன்னும் கொஞ்சம் முன்னாலே’ என்பது யார் காதிலும் தங்காத சொல்லாக நழுவிப் போகிறது. களவு அங்கே!

உடனே கையைத் திறக்கச் சொல்லாதீர்கள். இடையிலே பேச்சுக் கொடுங்கள். தீக்குச்சி கேளுங்கள், காகிதத்துண்டு கேளுங்கள், அதைக் கொளுத்திச் சாம்பல் எடுங்கள், பிள்ளையின் பெயர் கேளுங்கள். தொட்டதற்கும் திறப்பதற்கும் இடையே கடக்கும் அந்த நேரம், தொட்டதையே மறக்கடித்துவிடும்.

“தந்திரம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் சுவை போய்விடாதா?” என்று கலையன்பர் சிலர் கேட்கின்றனர். போகாது! எம்.ஆர். ராதா ‘இரத்தக் கண்ணீர்’ நாடகத்திலே தொழுநோயாளியாக வந்து நின்றபோது, அவருக்கு உண்மையிலே நோய் என்றா மக்கள் நம்பினர்? நடிப்பென்று அறிந்தே அழுதனர். 1954-இல் அது படமாக வந்தபோதும் அழுதனர். அமெரிக்காவிலே பென், டெல்லர் எனும் இரட்டையர், கண்ணாடி போன்ற ஒளி ஊடுருவும் கிண்ணங்களைக் கொண்டே செப்பிடு வித்தை காட்டுகின்றனர்; பந்து போவதும் வருவதும் கண்ணுக்குத் தெரிகிறது, ஆயினும் கண் தோற்கிறது! அறிந்து ஏமாறுவது இன்பம்; அறியாமல் ஏமாறுவது இழப்பு.

நம் முன்னோடிகள் இந்த நுட்பத்தை நன்கு அறிந்திருந்தனர். திருவல்லாவிலே 1898-இல் பிறந்து, இலங்கையிலே தாவரவியல் ஆசிரியராக வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், 1963-இல் ஓர் இலட்ச ரூபாய் அறைகூவல் விடுத்தார். 1978-இல் அவர் மறையும் வரை ஒருவரும் அதைப் பெறவில்லை. ஏன்? ஏமாற்று நுழைய முடியாத சூழலிலே செய்து காட்டு என்பது அவர் அறைகூவலின் நிபந்தனை. தொடக்கப் பேச்சை மகான்களின் வாயிலிருந்து பிடுங்கித் தாமே பேசிவிட்டார்! கோவைப் போத்தனூரிலே வாழ்ந்து 2009-இல் மறைந்த பிரேமானந்த், இன்னும் ஒரு படி போனார். சத்திய சாயி பாபா காற்றிலிருந்து தங்கச் சங்கிலி வரவழைக்கிறாரா? நல்லது, தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அனுமதி பெற்றாரா என்று 1986-இல் வழக்கே தொடுத்தார்! வழக்குத் தள்ளுபடியாயிற்று. ஆயினும், ‘அற்புதம்’ என்று தொடங்கிய பேச்சை ‘உரிமம் எங்கே?’ என்று அவர் தொடங்கிவைத்த அழகைப் பாருங்கள்!

இது விளையாட்டு மட்டுமன்று என்பதையும் அறிவீர்கள். மகாராட்டிரத்திலே ஊர் ஊராகச் சென்று இத்தகைய ‘அற்புதங்களை’ உடைத்துக் காட்டும் இயக்கத்தை நடத்திய மருத்துவர் நரேந்திர தபோல்கர், 2013 ஆகஸ்டு 20 அன்று புனே நகரிலே காலை நடையின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பல்லாண்டு கேட்டும் கிடைக்காத மூடநம்பிக்கை ஒழிப்புச் சட்டம், அவர் பிணமான பிறகே அம்மாநிலத்துக்கு வந்தது. அந்தக் கலையைத்தான் நம் தோழர்கள் ஒட்டுத் தாடியிலே வீணாக்குகின்றனர்.

ஆகவே தம்பி, தாடியைக் கழற்று. தங்கையிடம் சாம்பலைக் கொடு. அந்தத் தாய் கையைத் திறந்து, உள்ளங்கையிலே கறுப்புப் புள்ளியைக் கண்டு வியந்து நிற்கும்போது, வெற்றி முழக்கம் இடாதீர்கள், விளக்கவும் தொடங்காதீர்கள். “எப்போ வந்துச்சுன்னு நினைக்கிறீங்க, அக்கா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் புறங்கையைப் பார்ப்பார், உள்ளங்கையைப் பார்ப்பார், தங்கையின் விரலைப் பார்ப்பார். பக்கத்திலிருப்பவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள்; ஒருத்தி மையென்பாள், ஒருத்தி தீக்குச்சி மருந்தென்பாள். சற்று நேரம் ஆகட்டும், பொறுத்திருங்கள். “நீ முன்னாலே இழுத்தியே, அப்பவா?” என்று யாரோ ஒருத்தி கேட்பாள். அவளிடம் சாம்பலைக் கொடுத்து, அடுத்த வீட்டுக்காரியின் கையிலே அவளையே செய்து பார்க்கச் சொல்லுங்கள்.